அவசரகாலச் சட்டமும் அரசை விமர்சிக்கும் உரிமையும்: திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

1961ஆம் ஆண்டு தமிழ் மொழி உரிமைக்காகத் தமிழரசுக் கட்சி திருகோணமலைக் கச்சேரியின் முன்பாக நடத்திய சத்தியாக்கிரகம், அவ்வாண்டு ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டதோடு அடக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்ட பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், வேலைநிறுத்தங்கள் பரவியிருந்த 1947இல், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்னர் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இயற்றப்பட்டதாகும். அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

அச்சட்டத்தின்கீழ் ஜனாதிபதி ஆக்கும் அவசரகால ஒழுங்குவிதிகள், அரசியலமைப்பைத் தவிர ஏனைய எந்தச் சட்டத்தையும் மேவி நிற்கலாம். எனினும், பிரகடனம் 14 நாட்களுக்குள் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்தைப் பெறாவிடில் காலாவதியாகிவிடும். ஒழுங்குவிதிகளை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்று கட்டளைச் சட்டம் கூறினாலும், 2022 யூலையில் செய்யப்பட்ட அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என உயர் நீதிமன்றம் 2025இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பொதுமக்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைவிடப் பழையது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. பேச்சாலோ எழுத்தாலோ அரசின் மீது வெறுப்புணர்வைத் தூண்டுவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சாதாரண சிறைத்தண்டனை விதிக்கலாம் என்கிறது அதன் 120ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவுக்கான விளக்கம், அரசின் நடவடிக்கைகளிலுள்ள தவறுகளையும் குறைபாடுகளையும் அவற்றைத் திருத்தும் நோக்குடன் சுட்டிக்காட்டுவது குற்றமாகாது என்றும் சொல்கிறது. காணிக்காகவோ காணாமலாக்கப்பட்ட உறவுகளுக்காகவோ பதாகை ஏந்தி நிற்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய வரி இதுவே.

அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழோ 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழோ ஒருவர் கைது செய்யப்பட்டால், கைது செய்த அதிகாரி அதனையும் தடுத்து வைத்துள்ள இடத்தையும் 48 மணித்தியாலங்களுக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பு வரும்வரை குடும்பத்தினர் காத்திருக்கத் தேவையில்லை. ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் உடனே முறையிடலாம்.

அடிப்படை உரிமை மீறலுக்கு எதிராக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்வதற்குரிய காலம் ஒரு மாதம் மட்டுமே. கொழும்புக்குப் போய்வரும் செலவும் சட்டத்தரணியைத் தேடும் அலைச்சலும் சேரும்போது அது மிகக் குறுகிய காலம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் இக்கணக்கில் சேராது. ஆகையால் முறைப்பாட்டின் பிரதியையும் விசாரணை தொடர்பாக ஆணைக்குழு அனுப்பும் கடிதங்களையும் பத்திரப்படுத்திச் சட்டத்தரணியிடம் ஒப்படைக்க வேண்டும்.