‘ஆமாம்’ என்ற பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களில் பலர் அதைத் தவறாமல் போடுவதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள ஓர் ஆய்வாளர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?’ என்று கேட்டால், ‘ஆமாம், போடுகிறேன்’ என்று பதில் வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும். இன்னொரு ஆய்வாளர் வேறு மாதிரி தொடங்குகிறார்:

‘நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள், கொஞ்சம் சொல்லுங்களேன்.’

‘நேற்றா? மகளைப் பார்க்கப் போயிருந்தேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம்.’

‘சரி, கிளம்புவதற்கு முன்னால்?’

‘குளித்தேன், சாப்பிட்டேன்...’ ஆய்வாளர் குறுக்கிடவில்லை. ‘மாத்திரை போடவில்லை. போட்டால் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கும். பஸ்ஸை எங்கே நிறுத்தச் சொல்வது?’

உரையாடல் நான் உதாரணத்துக்காக எழுதியது. காரணம் மெய்யானது: சில ரத்த அழுத்த மாத்திரைகள் உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன. கேள்வித்தாளில் ‘மறதி’, ‘விலை’ என்று கட்டங்கள் இருக்கும். ‘பஸ் பயணம்’ என்று ஒரு கட்டம் இருக்காது, ஏனென்றால் கேள்வித்தாளைத் தயாரித்தவருக்கே அப்படி ஒன்று தோன்றியிருக்காது. எத்தனை பேர் என்று எண்ணுவதற்குக் கேள்வித்தாள் வேண்டும். எதை எண்ண வேண்டும் என்றே தெரியாதபோது நேர்காணல் வேண்டும். எண்ணிக்கையைவிட மக்களின் அனுபவத்தையும் சொற்களையும் ஆராயும் பண்புசார் ஆய்வில் நேர்காணலுக்கு இவ்வளவு முக்கியமான இடம் இருப்பது இதனால்தான்.

சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை நேர்காணல் செய்தார்கள். மேற்பார்வை, வேலைச் சூழல், வேலை என்று தலைப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். தொழிலாளர்களோ தங்கள் மனதில் இருந்ததையே பேசினார்கள். கேள்வியை இழுத்துப் பிடித்தாலும் பேச்சு அங்கேயே திரும்பிப் போனது. 1929-இல் முறையை மாற்றினார்கள்: பேசுகிறவர் போகிற வழியில் போவது, குறுக்கே பேசாமல் கேட்பது. அரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த நேர்காணல்கள் ஒன்றரை மணி நேரம் வரை நீண்டன. இன்றைய ஆய்வு நேர்காணலின் அடிப்படைப் பாடம் அப்போதே கிடைத்துவிட்டது என்பேன்.

இப்போது பெரும்பாலும் நடப்பது, வரிசையான கேள்விகள், பேசுகிறவர் வழியில் போவது என்ற அந்த இரண்டு முறைகளுக்கும் நடுவில். ஆய்வாளர் கையில் ஒரு பக்கத்துக்குத் தலைப்புகள் இருக்கும். வரிசையும் வார்த்தைகளும் பேச்சின் போக்கைப் பொறுத்து மாறும். பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மூன்று நான்கு விநாடி காத்திருப்பார்கள். பல நேரம் உண்மையான பதில் அந்த இடைவெளியில்தான் வரும். அப்புறம், பேசுகிறவர் பயன்படுத்திய சொல்லையே எடுத்துக் கேட்பார்கள்: ‘சிரமம் என்றீர்களே, கடைசியாக எப்போது அப்படி இருந்தது?’

‘ஏன்’ என்று நேராகக் கேட்பதில்தான் நிறைய கவனம் வேண்டும். கேட்கப்படுபவருக்கு அது குற்றம் சாட்டுவது போலப் படலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆழமானது. நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள் 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. வரிசையாக வைத்த நான்கு ஜோடி நைலான் காலுறைகளில் தரமானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான்கும் ஒன்றேதான். இருந்தும் பலர் வலது ஓரத்தில் இருந்ததையே எடுத்தார்கள். காரணம் கேட்டபோது, வைத்திருந்த இடத்தை ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் தேர்வுக்கான காரணம் அவர்களுக்கே தெரியவில்லை. அதனால்தான் அனுபவமுள்ள ஆய்வாளர்கள் காரணத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்கிறார்கள். பலருடைய ‘நடந்தது’களை அருகருகே வைத்துப் பார்த்து, காரணத்தைத் தேடுவது ஆய்வாளரின் வேலை.

அந்த வேலை நீண்டது. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மென்பொருள் எழுதித் தந்தாலும் பதிவைக் கேட்டுத் திருத்தியாக வேண்டும். பிறகு வரி வரியாகப் படித்து, ஒத்த செய்திகளுக்கு ஒரே குறிச்சொல் இட்டு, அவற்றைச் சேர்த்துக் கருப்பொருள்களாக்குகிறார்கள். தன் முடிவுக்கு ஒத்துவராத ஆளைத் தேடிப் பிடித்து, அவர் கதை ஏன் வேறுபடுகிறது என்று விளக்கும் ஆய்வைத்தான் நான் நம்புவேன்.

எத்தனை பேரிடம் பேசினால் போதும்? புதிதாக எதுவும் வராத நிலை வரும் வரை. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை ஆராய்ந்த கெஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர், முதல் 12-லேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று 2006-இல் எழுதினார்கள். பலர் அந்த 12-ஐ மந்திர எண்ணாகப் பிடித்துக்கொண்டது தவறு. ஓரளவு ஒரே மாதிரியான மக்களிடம், குறுகிய நோக்கத்தோடு கேட்டதில் வந்த கணக்கு அது.

ஒலிப்பதிவை நிறுத்திய பிறகு, வாசல் வரை வரும்போது, முக்கியமான ஒன்றைச் சொல்லும் ஆட்களும் உண்டு. ஆரம்பத்தில் அவர் தந்த சம்மதம் பதிவான பேச்சுக்கு மட்டும்தான். பின்னால் சொன்னதை ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அங்கேயே கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் எழுதக் கூடாது, அது எவ்வளவு நல்ல தகவலாக இருந்தாலும்.