ஐசி (அடையாள அட்டை) ஒன்று போதும்: 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40

என் சித்தப்பா மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 30 வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைக்க வேண்டும், அதை வெளியில் வாங்க வேண்டும் என்று விலைச்சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சித்தி அந்தச் சீட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். மறுநாள் காலையில் அவர் காதில் தோடு இல்லை. அடகுக்கடைக்குப் போய்விட்டது.

அவர்கள் குடும்பத்துக்கு வருஷா வருஷம் எஸ்டிஆர், அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை, வந்துகொண்டுதான் இருந்தது. அது வந்தால் பெக்கா பி40 என்ற மருத்துவ உதவித் திட்டமும் உண்டு என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

சுகாதார அமைச்சின் இந்தத் திட்டம் 2019-இல் தொடங்கியது. எஸ்டிஆர் பெறுபவருக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் 40 வயது ஆகிவிட்டால் தகுதி தானாகவே வந்துவிடும். பாரம் நிரப்ப வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம், யாரிடமும் சிபாரிசு கேட்டு நிற்க வேண்டாம். பெக்கா பி40 இணையத்தளத்தில் ஐசி எண்ணைப் போட்டால் பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெரியவர்களுக்குப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துச் சொல்லலாம்.

முதல் சலுகை இலவச உடல் பரிசோதனை. அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானிலும் செய்யலாம், திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். ரத்த அழுத்தம், எடை பார்ப்பார்கள். ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். மனநலம் பற்றியும் சில கேள்விகள் இருக்கும். பசியாறாமல் வர வேண்டுமா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு நாள் போய் முடிவைக் கேட்க வேண்டும். நம் ஆட்கள் பலர் இந்த இரண்டாவது நடைக்குப் போவதே இல்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். இனிப்புநீரும் (நீரிழிவு) ரத்தக்கொதிப்பும் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, கடைசியில் சிறுநீரகத்தையோ கண்ணையோ காலையோ பிடிக்கும். தயவுசெய்து இரண்டாவது தடவையும் போங்கள்.

சித்தப்பாவுக்குக் கைகொடுத்திருக்க வேண்டியது இரண்டாவது சலுகை. அமைச்சின் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுபவருக்கு ஸ்டென்ட், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர், கண்புரைக்கு வைக்கும் லென்ஸ் போன்ற கருவிகள் தேவைப்பட்டால் 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை உதவி உண்டு. விண்ணப்பத்தை ஆஸ்பத்திரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அதனால் விலைச்சீட்டு கைக்கு வந்ததும் பணத்துக்கு அலையாதீர்கள். "எனக்குப் பெக்கா பி40 இருக்கு, இதுக்கு உதவி கிடைக்குமா?" என்று டாக்டரிடமோ தாதியிடமோ அங்கேயே கேளுங்கள். வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

புற்றுநோய் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகை உண்டு. கருவி உதவியோ புற்றுநோய் சிகிச்சையோ பெறுபவருக்குப் போக்குவரத்துச் செலவுக்கென்று தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையிலும் சபா, சரவாக், லாபுவானில் 1,000 வெள்ளி வரையிலும் கிடைக்கும். தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வண்டி பிடித்துப் போய் வருபவர்களுக்கு அது பெரிய காசு.

எஸ்டிஆர் இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் மருந்து விலையை எல்லாருக்கும் தெரியும்படி வைத்தாக வேண்டும். தினமும் போடும் மாத்திரையை அதே கிளினிக்கில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. மருந்துச் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, விலை குறைவான கடையில் வாங்கலாம்.

சித்தி இப்போது கண்புரைக்குத் தேதி வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை லென்ஸ் விஷயத்தை முதல் நாளே கேட்டுவிட்டோம்.