வைரஸ் கார்ட் ஓடும்போது கணினி ஏன் இழுபடுகிறது?

ஒரு பைலின் மேல் மவுசை இருமுறை தட்டியதும் வேர்ட் நேரே டிஸ்குக்குப் போய் அதை எடுத்து வந்துவிடுவதில்லை. பைலைத் திறக்கும் கோரிக்கை எதுவானாலும் விண்டோஸின் மையப் பகுதியான கேர்னல் வழியாகத்தான் போகவேண்டும். வைரஸ்களைத் தடுக்கும் மென்பொருளான வைரஸ் கார்ட் அந்த வழியில் வடிகட்டி டிரைவர் என்ற சிறு புரோகிராமைப் பொருத்தி வைத்திருக்கிறது. அது கோரிக்கையை மறித்து, பைலைத் தன் ஸ்கேன் எஞ்சினிடம் கொடுக்கும். பாதகமில்லை என்று பதில் வரும்வரை வேர்ட் கைகட்டி நிற்கும்.

இந்தப் பைலை ஏற்கெனவே பார்த்தாயிற்றா, அதற்குப் பிறகு அது மாறியிருக்கிறதா என்பதுதான் எஞ்சினின் முதல் கேள்வி. மாறவில்லையென்றால் உடனே விட்டுவிடும். புதியதென்றால் தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிடும். புரோகிராம் என்றால் அதன் முதற்சில கட்டளைகளைப் போலிச் சூழலொன்றில் ஓட்டிப் பார்க்கும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் இணையத்தில் தன் சேர்வரைக் கேட்கும். அதனால்தான் ஒரே பைல் முதற்தடவை மெதுவாகவும் அடுத்த தடவை சட்டென்றும் திறக்கிறது. அடையாளப் பட்டியல் அப்டேட் ஆனதும் பழைய முடிவுகள் செல்லாது. மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

"சிபியூவைத் தின்கிறது" என்பதுதான் வழக்கமான முறைப்பாடு. பழைய மெஷின்களில் உண்மையில் சிக்குவது டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். தேவையான இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, ஊசி நகர ஏறத்தாழ 9, ஆகமொத்தம் 13 மில்லிசெக்கன். அப்படியானால் சிதறிக் கிடக்கும் பைல்களில் செக்கனுக்கு 75 வரைதான் எட்டலாம். 30,000 சிறு பைல்கள் உள்ள போல்டரை ஸ்கேன் செய்தால், தேடி அலைவதற்கே 7 நிமிடம் போய்விடும். அதே வேலையில், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் தேடலுக்குச் செலவழிப்பது சில செக்கன்கள்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த மெஷின் எடுக்கப் போகிறவர் ரேம் எவ்வளவு என்று கேட்கமுன், டிஸ்க் எந்த வகை என்று கேட்பது நல்லது.

எது இழுக்கிறதென்று பார்க்க கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். விண்டோஸோடு வரும் டிபென்டர் அங்கே 'அன்டிமல்வெயர் சேர்விஸ் எக்ஸிகியூட்டபிள்' என்ற பெயரில் தெரியும். சிபியூ 15 வீதத்திலும் டிஸ்க் 100 வீதத்திலும் நின்றால் தடை டிஸ்கில்தான். வேலை நடுவில் நேரம் குறித்த ஸ்கேன் தொடங்குகிறதென்றால், டாஸ்க் ஷெடியூலரில் மைக்ரோசொப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிபென்டர் என்று உள்ளே போய் அதை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிடலாம். இரண்டாவது வைரஸ் கார்ட் போடுவது மட்டும் வேண்டாம். ஒன்று திறப்பதை மற்றது மறித்துப் பார்க்க, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.

வேகத்துக்காகச் சில போல்டர்களை ஸ்கேனிலிருந்து விலக்கலாம். கடைக் கணக்கு மென்பொருளின் டேட்டா போல்டர் இதற்குப் பொருத்தமானது. டவுன்லோட்ஸும் பென்டிரைவும் ஒருபோதும் அல்ல. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். களவு விண்டோஸை அக்டிவேட் செய்யும் டூல்கள் சில, சத்தமில்லாமல் சீ டிரைவ் முழுவதையும் அதில் சேர்த்துவிட்டுப் போகும். பச்சை அடையாளம் அப்படியே எரிந்துகொண்டிருக்கும், உள்ளே ஒன்றும் பார்க்கப்படாது. நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு, முழு ஸ்கேன் ஒன்று ஓடவிடவும்.

காவல் உண்மையில் நடக்கிறதா என்று சோதிக்க வைரஸ் எதிர்ப்பு ஆய்வாளர்களின் ஐக்கார் (EICAR) அமைப்பு தரும் பரீட்சைப் பைல் உண்டு: 68 எழுத்துகள், எந்தத் தீங்குமில்லை. நோட்பேடில் ஒட்டிச் சேமித்ததும் விழித்திருக்கும் கார்ட் பிடித்துவிடும். விலக்கப்பட்ட போல்டரில் சேமித்தால் பேசாமல் இருக்கும்.

வெள்ளவத்தைக் கொமியூனிகேஷன் கடைகளில் பிரின்ட் எடுக்கக் கொண்டுவரும் பென்டிரைவுகளில் ஷோர்ட்கட் வைரஸ் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அது உண்மையான போல்டரை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டை வைக்கும். தட்டினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு போல்டரும் திறக்கும். அதனால் யாருக்கும் தெரியாது. கார்ட் வைரஸை அழித்த பிறகு ஷோர்ட்கட் வேலை செய்யாது. "என் அசைன்மென்டை அழித்துவிட்டது" என்று பதறி போர்மட் செய்பவர்கள்தான் உண்மையிலேயே இழக்கிறார்கள். போல்டர் ஒப்ஷன்ஸில் ஒளித்த பைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் பைல்ஸ்' என்பதிலுள்ள சரி அடையாளத்தையும் எடுத்துவிட்டால், மங்கலான நிறத்தில் போல்டர் அங்கேயே இருக்கும். உள்ளிருப்பதை வேறிடத்துக்குக் கொப்பி செய்துகொண்டு, பென்டிரைவைப் பிறகு போர்மட் செய்யலாம்.

கார்ட் தவறாகப் பிடிப்பதும் உண்டு. தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் சில, விசை அழுத்தங்களை இடையில் பிடித்துப் பாமினி எழுத்தாகவோ யூனிகோடாகவோ மாற்றுகின்றன. கடவுச்சொல் திருடும் கீலாகரும் அதே இடத்தில்தான் காது வைக்கிறது. இப்படிச் சிக்கினால் கார்டை நிறுத்தாமல், அசல் தளத்திலிருந்து இறக்கியதா என்று உறுதிசெய்துகொண்டு அந்த ஒரு பைலை மட்டும் அனுமதிக்கலாம்.

இணையம் ஒழுங்காக வந்தும் அப்டேட் தோல்வியென்றே காட்டினால் திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள சீஆர் 2032 பட்டரி செத்திருந்தால் மெஷினுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தியதும் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். சேர்வர் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று கணினி நினைத்து இணைப்பைத் துண்டிக்கும். 3 வோல்ட் பட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்து, அப்டேட்டை மீண்டும் அழுத்தினால் இறங்கிவிடும்.