ஏறினதற்கு வலிக்கவில்லை, இறங்கினதற்குத்தான் வலித்தது

பொதிகைக்குப் போய்விட்டு வந்த மூன்றாம் நாள் காலையில் மச்சுப்படியின் தலைமாட்டில் நின்று கீழே பார்க்கிறேன். பதினாறு படிதான், ஆனால் இறங்க முடியவில்லை. காலைக் கீழே வைத்து உடம்புப் பாரம் இறங்குகிற அந்தக் கணத்தில் தொடையின் முன்பக்கம் இரண்டாகக் கிழிவது போல் இருக்கிறது. கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாக இறங்கி வந்தேன். முற்றத்தில் இருந்த ஆச்சி பார்த்துவிட்டு, "ஏறும்போது வலிக்காத காலு எறங்குனதுக்கா வலிக்கு?" என்றாள். அவள் கேலிக்குத்தான் கேட்டாள், ஆனால் உடலியல் படிக்கிறவர்களும் இதைத்தான் நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பொதிகை என்கிற அகத்தியமலையின் உச்சி 1,868 மீட்டர். தாமிரபரணி பிறக்கிற நம்ம மலைதான், ஆனாலும் இந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், நினைத்தால் ஏறிவிட முடியாது. கேரளாவுக்குள் போய், அனுமதி வாங்கி, போணக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலையில் தங்கி மறுநாள் உச்சிக்குப் போக வேண்டும். ஏறும்போது நாக்கு தள்ளிவிட்டது. இறங்கும்போதோ மூச்சே வாங்கவில்லை, முதுகில் பையோடு தடதடவென்று எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

தசைநாருக்குள் சார்க்கோமியர் என்ற நுண்ணிய அறைகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன, ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே சுமார் 400. ஒவ்வொன்றிலும் ஆக்டின் என்ற கயிறு, அதைப் பற்றி இழுக்கும் மயோசின் கைகள். மலை ஏறும்போது இந்தக் கைகள் கயிற்றை இழுக்கின்றன, தசை சுருங்குகிறது. கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுக்கிற வேலை இது. இறங்குவது அதே நிறைகுடத்தை மெல்ல மெல்லக் கிணற்றுக்குள் விடுவது மாதிரி. கயிறு நம் கையை விட்டு ஓடப் பார்க்கும், நாம் விடாமல் பிடித்தபடியே விட்டுக்கொடுக்க வேண்டும். முட்டி மடிய மடிய முன்தொடைத் தசை இறுகிப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. பிடித்த கைகள் தானாக விடுவதில்லை, பிய்த்து எடுக்கப்படுகின்றன.

இப்படிப் பிய்த்தெடுக்கப்படும் கைக்கு ஏடிபி என்ற எரிபொருள் அவ்வளவாகச் செலவாவதில்லை. அதனால் ஆக்ஸிஜன் தேவை குறைவு, மூச்சும் வாங்காது. 1952-ல் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று உடலியலாளர்கள் இதை வேடிக்கையாகவே செய்து காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும், மற்றவர் தன் காலைத் தள்ளிவரும் பெடலைத் தடுத்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டு பேர் காலிலும் ஒரே விசைதான், ஆனால் மிதிப்பவர் இரைக்க இரைக்கத் தடுப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பது போல இருந்தார். லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் செய்து காட்டியபோது தடுத்தவர் சின்ன உருவமான ஒரு பெண், களைத்துப்போனது ஒரு பெரிய ஆள்.

எரிபொருளில் மிச்சம் பிடித்ததற்குத் தசை வேறு வழியில் விலை கொடுக்கிறது. குறைந்த நார்களே போதும் என்று நரம்பு மண்டலம் கொஞ்சத்தை மட்டும் வேலைக்கு அழைக்கிறது, ஆகவே ஒவ்வொரு நாரின் தலையிலும் பாரம் கூடுதல். வரிசையில் எல்லா அறைகளும் ஒரே பலமாக இருப்பதில்லை; பலவீனமான அறை அளவுக்கு மீறி நீண்டு குலைகிறது. வடத்தில் ஒரு பிரி அறுந்த மாதிரிதான். அந்த வடத்தில் நான் ஆயிரக்கணக்கான தடவை, பையையும் சேர்த்து, இறங்கியிருக்கிறேன்.

வலி உடனே வராததும் இதனால்தான். முதலில் சவ்வில் கசிவு, உள்ளே கால்சியம் கூடுவது, அப்புறம் பழுது பார்க்க வெள்ளணுக்கள் வந்து சேருவது, வீக்கம், நரம்பு முனைகள் கூச்சம் கொள்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. உச்சகட்டம் ஒன்றிலிருந்து மூன்று நாளைக்குள். "லாக்டிக் ஆசிட் கட்டிக்கிச்சு" என்று ஜிம்முக்குப் போகிற தம்பிகள் சொல்வார்கள், அது இல்லை. அந்த ஆசிட், அதாவது லாக்டேட், ஓய்வெடுத்த சுமார் ஒரு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து போய்விடும், மேலும் அதிகம் ஊறுவது ஏறும்போதுதான். அதுதான் காரணமென்றால் ஏறினதற்கல்லவா வலித்திருக்க வேண்டும்? தைலம் தேய்த்தால் சுகமாக இருக்கும், பழுது ஆறுகிற வேகம் பெரிதாக மாறாது. ஆனால் சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனால் தைலத்தோடு உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரில் இறங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

சரி, அமெரிக்காவில் அப்பலாச்சியன் வழித்தடம் என்று ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலை வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நடக்கிறார்களே, மாதக்கணக்கில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? முதல் சில வாரங்கள் அவர்களுக்கும் வேதனைதான். அதன்பின் தசை கற்றுக்கொள்கிறது. ஒரே ஒரு தடவை இப்படி அடி வாங்கிய தசை, அதே வேலை சில வாரம் கழித்து வந்தாலும் அந்த அளவுக்குப் பழுதாவதில்லை. நரம்பு பாரத்தை அதிக நார்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது, வரிசையில் புது அறைகள் சேருவது, சுற்றியுள்ள இணைப்புத் திசு வலுப்படுவது எல்லாம் இதில் பங்கு வகிப்பதாகச் சொல்கிறார்கள். முதல் தடவை லேசாக இருந்தாலும் பலன் உண்டு.

அதனால் அடுத்த தடவை போவதற்கு இரண்டு வாரம் முன்னால் கடையம் பக்கம் தோரணமலைக்குப் போனேன். ஆயிரத்துக்கும் மேல் படி. ஏறுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை, இறங்குவதைத்தான் எண்ணி எண்ணி, சின்ன எட்டாக, முட்டியைக் கொஞ்சம் மடித்தபடி, தடதடவென்று விழாமல் செய்தேன். இரண்டு நாள் லேசான கடுப்பு. பொதிகையிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் மச்சுப்படியில் நேராகவே இறங்கினேன். "அதுக்கென்னடே, வாரா வாரம் மலையேறினாத் தெரியாது" என்று சொல்லிப் தோரணமலைப் படியில் பழக வராமல் நேரே பொதிகைக்கு வந்த நண்பன் அன்று போனில் கேட்டது, கழிப்பறையில் எப்படி உட்கார்வது என்று.