வாங்க 101, விற்க 99

ஒரு பங்கின் விலை இன்று 100. நாளை அது 120 ஆகும், இல்லையேல் 90 ஆகும். மூன்றாவது வழி கிடையாது. வட்டியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பங்கை நாளை 100க்கு வாங்கும் உரிமையைத் தரும் ‘கால்’ (call) ஆப்ஷன்கள் மூன்றை ஒருவர் இன்று விற்கிறார். என்ன விலை கேட்கலாம்?

பங்கு ஏறினால் அவர் 60 கொடுக்க வேண்டியிருக்கும். இறங்கினால் ஒன்றுமில்லை. அவர் 180 கடன் வாங்கி, கையிலிருந்து 20 போட்டு, இரண்டு பங்குகளை வாங்கி வைக்கட்டும். நாளை விலை 120 என்றால் 240 கிடைக்கும். கடன் போக 60 மிஞ்சும். 90 என்றால் 180 கிடைக்கும், கடன் அடைந்துவிடும். இரண்டு வழியிலும் கணக்கு நேராகிறது. ஆகவே மூன்று ஆப்ஷன்களின் விலை 20. இதற்கு மேலோ கீழோ விலை போனால், நட்டத்துக்கு இடமே இல்லாத லாபத்தை யாரும் அள்ளலாம். அதைத்தான் ஆர்பிட்ராஜ் என்கிறோம்.

பங்கு ஏறுமா இறங்குமா என்ற கணிப்பு இதில் எங்குமே வரவில்லை. எனக்கு நிதிக் கணிதத்தில் முதலில் பிடித்துப்போனது இதுதான். கணிப்புக்குப் பதிலாக ஒரு செயற்கை நிகழ்தகவு வருகிறது: ஏற்றத்துக்கு மூன்றில் ஒன்று, இறக்கத்துக்கு மூன்றில் இரண்டு. இந்த எடைகளில் நாளைய சராசரி சரியாக 100. 60இல் மூன்றில் ஒன்று 20. ஆர்பிட்ராஜ் இல்லாத சந்தையில் இப்படி விலையை நியாயமான பந்தயமாக, அதாவது மார்ட்டிங்கேலாக, மாற்றும் எடைகள் இருக்கும் என்று 1979இல் ஹாரிசனும் கிரெப்ஸும் காட்டினார்கள்.

இப்போது வர்த்தகச் செலவைச் சேர்ப்போம். இன்று பங்கை வாங்க 101 தர வேண்டும். விற்றால் 99தான் கைக்கு வரும். (நாளைய செலவை எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.) ஆப்ஷன் விற்பவருக்கு இரண்டு பங்குகள் 202 ஆகும், 180 கடன் போக 22 வேண்டும். ஆப்ஷன் வாங்குபவர் எதிர்த்திசையில், இரண்டு பங்குகளை இரவல் வாங்கி விற்றால் 198 வரும். 180ஐ ஒதுக்கிவைத்தால் மிச்சம் 18. எனவே 18க்கும் 22க்கும் நடுவே எந்த விலையிலும் ஆர்பிட்ராஜ் கிடையாது. ஒற்றை விலை இருந்த இடத்தில் இப்போது ஓர் இடைவெளி.

மார்ட்டிங்கேல் என்ன ஆயிற்று? 1995இல் ஜுவினியும் கல்லாலும் தந்த விடை அழகானது. சந்தையில் கண்ணுக்குத் தெரியும் விலைகள் மார்ட்டிங்கேலாக இருக்கத் தேவையில்லை; வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஏதாவது ஒரு நிழல் விலை அப்படி இருந்தால் போதும். நிழல் விலை 99 என்றால் ஏற்றத்தின் எடை 0.3, ஆப்ஷன்கள் 18. நிழல் விலை 101 என்றால் எடை 30இல் 11, ஆப்ஷன்கள் 22. அதே இடைவெளி.

ஒரே ஒரு நாள் என்பதால் இடைவெளி குறுகலாக நின்றது. விலை இடைவிடாமல் மாறுவதாகக் கொண்டு ஆப்ஷனுக்கு விலை போடும் பிளாக்–ஷோல்ஸ் மாதிரியின் உலகில் பங்கின் எண்ணிக்கையை நொடிதோறும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே விலை ஓயாமல் துடிப்பதால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் சிறு கட்டணம் விழுந்தாலே மொத்தச் செலவு எல்லையின்றி ஏறிவிடும். அப்படியானால் ஓர் ஆப்ஷனுக்குக் கொடுக்க வேண்டியதை நிச்சயமாக ஈடுகட்ட மலிவான வழி எது? ஒரு பங்கை முழுதாக வாங்கி, கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது! சோனர், ஷ்ரீவ், ஸ்விட்டானிச் மூவரும் 1995இல் இதை நிரூபித்தார்கள். நூறு சதவீத உறுதி கேட்டால் ஆப்ஷனின் மேல்வரம்பு பங்கின் விலையே. நடைமுறைக்கு உதவாத வரம்பு இது. லேலண்ட் 1985லேயே வேறு வழி சொல்லியிருந்தார்: இடைவெளி விட்டுத் திருத்துங்கள், செலவுக்கு ஈடாக ஏற்ற இறக்க அளவைக் கூட்டி விலை போடுங்கள், எஞ்சும் சிறு அபாயத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செலவு நன்மையும் செய்கிறது. பழைய நகர்வுகளின் நினைவைச் சுமக்கும் தற்செயல் நகர்வான பின்ன பிரௌனிய இயக்கத்தைப் பங்கு விலைக்கு மாதிரியாக எடுத்தால், செலவில்லாத சந்தையில் ஆர்பிட்ராஜ் முளைக்கும். அதனால் அந்த மாதிரியே ஒதுக்கப்பட்டு வந்தது. எவ்வளவு சிறிய விகிதச் செலவானாலும் சேர்த்துவிட்டால் அந்த ஆர்பிட்ராஜ் மறைந்துவிடும் என்று 2006இல் குவாசோனி காட்டினார். காரணம் எளியது: எந்த நொடியில் வாங்கினாலும், அதற்குப் பிறகு விலை கட்டணத்தின் அகலத்தைத் தாண்டாமலே நின்றுவிடும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. அப்படி நின்றுவிட்டால் கொடுத்த கட்டணம் திரும்பாது.