புகைச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது: பழைய வண்டியில் வேறு இன்ஜின் ஏற்றுவதற்கு முன்

பழைய வண்டிகளின் இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பதுதான் என் தொழில். பட்டறை கோயம்புத்தூரில் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: தேய்ந்த இன்ஜினுக்கே சிலிண்டர் போர் அடித்து, கிராங்க் பிடித்து, பம்பு நாசில் வேலையும் பார்க்க ஆகிற செலவுக்கு உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஓடுகிற இன்ஜினே முழுதாகக் கிடைக்கிறதே, அதை வாங்கி ஏற்றிவிட்டால் என்ன? கேள்வியில் தவறில்லை. ஏற்றிய பிறகு புகைச் சான்றிதழ் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதில்தான் தவறு இருக்கிறது.

கடந்த ஆண்டு பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர், பதிவைப் புதுப்பிக்கும் முன் சரிபார்க்கச் சொல்லித் தம் ஜீப்பைக் கொண்டுவந்தார். ஆர்.சி. புத்தகத்தில் 2112 சி.சி. டீசல் இன்ஜின் என்று இருந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது பிற்காலத்து 2523 சி.சி. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். மண்ணெண்ணெய்த் துணியால் எண் பொறித்த இடத்தைத் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். எண் தெளிவாகவே விழுந்தது, ஆர்.சி.யில் உள்ள அதே எண்தான். ஆனால் எண்ணுக்கு அடியில், கிரைண்டர் ஓடிய கோடுகளும் சாய்வாகச் சேர்ந்து விழுந்திருந்தன. முன்பு இன்ஜினை ஏற்றிக் கொடுத்த இடத்தில் அசல் எண்ணை உரசி எடுத்துவிட்டு, பழைய எண்ணைக் குத்திக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு அது தெரியாது. “ஏனுங்க தம்பி, போன மாசம்தான் புகை சர்டிபிகேட் எடுத்தனுங்க, பாஸ்னுதானுங்க போட்டிருக்குது?” என்று தாளை நீட்டினார்.

அந்தத் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். டீசல் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரைச் சில முறை தரையோடு அழுத்தி, வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று கருவி அளக்கிறது. வண்டி எந்த மாசு விதிப்படி செய்யப்பட்டது என்பதை பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) எண் சொல்கிறது; எண் கூடக் கூட விதி கடுமை. பி.எஸ். 4-க்கு முந்திய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகும் (புகையின் அடர்த்தியைச் சொல்லும் அளவு), பி.எஸ். 4 வண்டிக்கு 50 அலகும் உச்ச வரம்பு. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. பி.எஸ். 4 காரில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பி.எஸ். 2-க்கு முந்திய காருக்கு 3 சதவீதம் வரை விடுகிறார்கள். இந்த இரண்டு சோதனைகளிலும் நைட்ரஜன் ஆக்சைடுகள் அளக்கப்படுவதே இல்லை.

ஒரு மாடலுக்கு விற்பனை அனுமதி தரும்போது நடக்கும் சோதனை வேறு வகையானது. வண்டியை உருளைகளின் மீது ஓடவிட்டு, நகரத்தில் ஓட்டுவதைப் போல வேகத்தைக் கூட்டிக் குறைத்து, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் வெளிவருகிறது என்று எடை போடுகிறார்கள். டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பி.எஸ். 3-இல் 0.50 கிராம்; பி.எஸ். 4-இல் 0.25, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6-இல் 0.08. இந்த வரம்புக்குள் வருவது இன்ஜின் பிளாக் மட்டும் அல்ல. அதோடு சேர்ந்த கணினிப் பெட்டி, சென்சார்கள், எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு, சைலன்சருக்கு முன்னால் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் தேர்ச்சி பெறுகின்றன. காயலான் கடைக்கு வரும் இன்ஜினில் இவற்றில் பாதி இருப்பதில்லை. வயரிங்கை நடுவில் வெட்டியிருப்பார்கள், கன்வெர்ட்டரை அதிலுள்ள விலை உயர்ந்த உலோகங்களுக்காக முன்பே தனியாக விற்றிருப்பார்கள், இ.ஜி.ஆர். குழாயின் வாயில் ஒரு தகடு வெட்டி அடைத்திருப்பார்கள். அந்தத் தகட்டால் இழுவை கூடியது போலத் தோன்றும், கரும்புகையும் குறையலாம். ஆனால் எரியறையின் வெப்பம் ஏறி, சான்றிதழ் மையத்துக் கருவிக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு கூடிவிடும்.

சட்டம் சுற்றி வளைக்காமலே பேசுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ளவை மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை வைத்திருப்பவருக்கு மாநில அரசு அளிக்கக்கூடிய சலுகையில்கூட, அதே தயாரிப்பும் அதே வகையும் கொண்ட இன்ஜினைத்தான் முன் அனுமதியின்றி மாற்றலாம் என்று இருக்கிறது. மாற்றிய 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து, ஆர்.சி.யில் பதியக் கொடுக்க வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி ஆகியவற்றுக்கு மாற்றுவதற்கு வழி உண்டு. அந்த மாடலுக்கென்று சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற கிட்டாக அது இருக்க வேண்டும். “எந்த வண்டிக்கும் பொருந்தும்” என்று விற்கப்படும் இன்ஜினுக்கு அந்த வழி திறக்காது.

காப்பீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் முதலில் பார்ப்பவற்றில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் உண்டு. அவை பாலிசியோடு ஒத்துப்போகாவிட்டால் சொந்தச் சேதத்துக்கான இழப்பீடு சிக்கலாகிவிடும்.

எனவே, மாற்று இன்ஜினோடு வருபவரிடம் நான் சில தாள்களைக் கேட்கிறேன்: விற்றவரின் ரசீது, அந்த இன்ஜின் இருந்த வண்டியின் பதிவு விவரம், அந்த எண் திருட்டுப் பட்டியலில் இல்லை என்பதற்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சான்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் முன் அனுமதி. அனுமதி வந்த பிறகுதான் இன்ஜினைத் தூக்கும் செயின் பிளாக்கில் கை வைப்பேன். வண்டி எந்த பி.எஸ். நிலையில் பதிவானதோ அதற்குக் கீழான இன்ஜினை, யார் என்ன சொன்னாலும் ஏற்றுவதில்லை. என் தம்பி மகன் கேட்டபோதும் மறுத்துவிட்டேன், அந்த வருத்தம் அவனுக்கு இன்னும் இருக்கிறது.

ஜீப்காரரிடம், இந்த இன்ஜினோடு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்காதீர்கள், எண்ணை மாற்றிக் குத்துவது குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும் என்று சொன்னேன். முதலில் வக்கீலைப் பார்த்து, அது எங்கிருந்து வந்த இன்ஜின் என்பதைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்படியும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கழற்றிய பழைய இன்ஜினை எடைக்குப் போட மனம் வரவில்லை, அது தோப்பில் பம்பு செட் அறைக்குள் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது என்றார். மறுவாரம் டெம்போவில் ஏற்றி வந்தார். லைனர் தேய்ந்திருந்தது, கிராங்க்கும் ஒரு சைஸ் உரச வேண்டியிருந்தது. ஆனால் பிளாக்கில் வெடிப்பு இல்லை. துருவைச் சுரண்டிப் பென்சில் பிரிண்ட் எடுத்தபோது, தொழிற்சாலையில் பொறித்த எண் ஓர் இலக்கம்கூட மங்காமல் தாளில் விழுந்தது.