புறாத்தீவுக்குப் போக என்ன அனுமதி வேண்டும்? டிசெம்பரில் போகலாமா?

"அண்ணா, கார் இல்லாத, ஹோர்ன் சத்தம் கேக்காத ஒரு தீவில நாலு நாள் இருக்க வேணும். டிசெம்பர்ல பிள்ளையளுக்கு லீவு. புறாத்தீவில ரூம் எடுக்கலாமா?"

ரொறன்ரோவில் இருக்கும் சித்தியின் மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது. கார் இல்லை என்பது சரி. ரூமும் இல்லை. டிசெம்பர் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். அவளுக்கு எழுதிய பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். ஒவ்வொரு வருடமும் கார்த்திகை பிறந்தால் இதே கேள்வி வேறு வேறு வீடுகளிலிருந்து வரத்தான் செய்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே 15 கிலோமீற்றர் போனால் நிலாவெளி. அங்கே கடற்கரையில் நின்றால் சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் பாறையும் பற்றையுமாக ஒரு மேடு தெரியும். ஊரில் புறாமலை என்போம், பலகையில் புறாத்தீவு என்றிருக்கும். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டு தீவுகள். பெரியதே 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம்தான். உச்சி 45 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் இதைத் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்களாம். புறாக்கள் எப்படித் தப்பின என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1963 இல் இது சரணாலயம் ஆனது. 2003 இல் தேசிய பூங்காவாகத் தரம் உயர்த்தப்பட்டது. யால, வில்பத்து எப்படியோ இதுவும் அப்படியே: வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது, 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதற்கும் பொருந்தும். பூங்காவின் பரப்பு 471 ஹெக்டயருக்குக் கொஞ்சம் மேல். அதில் தரை ஒரு துளிதான், மற்றதெல்லாம் கடல். இதைத்தான் பலர் விளங்கிக்கொள்வதில்லை. "நாங்கள் தீவில் இறங்கவில்லை, பக்கத்தில் நீந்தத்தான் போனோம்" என்று சொல்லித் தப்ப முடியாது, நீந்துகிற தண்ணீரும் பூங்காவுக்குள்தான். சீட்டு இல்லாமல் உள்ளே போவது குற்றம்.

அந்தச் சீட்டு பகல் நேரத்துக்கு மட்டும் தரப்படும் அனுமதி. காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். தீவில் விடுதி இல்லை, கூடாரம் போடவும் முடியாது, கடையும் இல்லை. ஆகவே நாலு நாள் தங்குவது என்றால் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ தங்கி, அதில் ஒரு காலையைத் தீவுக்கு ஒதுக்குவது என்றே திட்டம் போடுங்கள். உண்மையில் ஒரு காலை போதும். பத்து மணிக்குப் பிறகு பாறை கொதிக்கும், சனமும் கூடிவிடும். அமைதி தேடுகிறவர்கள் முதல் படகுகளில் போய்விட வேண்டும்.

காசு விஷயத்தில்தான் கரையில் அதிகம் வாய்த்தர்க்கம் நடக்கும். சீட்டுக்கு ஒரு காசு, படகுக்கு வேறு காசு. படகுக்காரரிடம் கொடுப்பதில் பூங்காக் கட்டணம் சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனால் கவுண்டரில் முகம் கறுக்கும். படகு வாடகை ஆளுக்கு அல்ல, முழுப் படகுக்கும் பேசுவது. சீட்டில் உள்ளூர்க்காரருக்கு ரூபாயில் சிறிய தொகை. வெளிநாட்டவருக்கு விலை டொலரில் குறிக்கப்பட்டு, அன்றைய மாற்று விலைப்படி ரூபாயில் வாங்கப்படும். அதற்கு மேல் குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், மொத்தத்தில் 18 சதவீத வற் வரி. இந்தச் சேவைக் கட்டணம் குழுவுக்கு ஒன்று என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேர் தனியாகப் போனால் ஆளுக்கு விழும் பாரம் கூட, ஆறு பேர் ஒன்றாகச் சீட்டு எடுத்தால் குறைவு. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காசு இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரைச் சீட்டு. கையில் ரூபாய் நோட்டு இருக்கட்டும், கார்டை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

அப்புறம் யார் உள்ளூர், யார் வெளிநாடு என்கிற கேள்வி. சித்தியின் மகள் பிறந்தது திருகோணமலை உவர்மலையில். தமிழ் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவாள். அதெல்லாம் கவுண்டரில் செல்லாது. அங்கே பார்ப்பது முகத்தையோ பேச்சையோ அல்ல, கையில் இருக்கும் அட்டையை. தேசிய அடையாள அட்டை காட்டினால் உள்ளூர்ச் சீட்டு. கனடியக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் வெளிநாட்டுச் சீட்டு. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் அந்தச் சான்றிதழையோ இலங்கை அடையாள அட்டையையோ வீட்டுப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு வந்து கரையில் நின்று கோபப்படுவதில் பயனில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு விதமும் இருந்தால் இரண்டு விதமாகவே சீட்டு எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உள்ளே என்ன செய்யக்கூடாது என்பதை ஒரே வரியில் சொன்னால்: எதையும் எடுக்காதே, எதையும் விட்டுவராதே. பொலித்தீன், பிளாஸ்ரிக் கொண்டுபோகக்கூடாது. மது கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது, மீன் பிடிக்கக்கூடாது, வீட்டு நாயைக் கூட்டிப்போகக்கூடாது. ட்ரோன் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். சோற்றுப் பொதியைத் தூக்கிக்கொண்டு போவதைவிடக் கரையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தப் பூங்காவே அதற்காகத்தான் இருக்கிறது. இங்கே நூறு வகை முருகைகளும் முந்நூறு வகை மீன்களும் பதிவாகியிருக்கின்றன. மான்கொம்பு மாதிரிக் கிளைவிடும் வகை நல்ல நிலையில் வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் மட்டில் வளரும். உருண்டைக் கல்லாக இருக்கும் வகை ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம். மூச்சு வாங்குகிறது என்று அதன்மேல் காலை ஊன்றி நிற்பவர் ஒரு நொடியில் பல வருட வளர்ச்சியை உடைக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் என் மருமகன், ஏழு வயதுக்காரன், கரை ஒதுங்கிக் கிடந்த வெள்ளைத் துண்டு ஒன்றைத் துவாயில் சுருட்டி வைத்திருந்தான். திரும்பி ஏறும்போது அதிகாரி ஒருவர் குனிந்து, "தம்பி, இது மீன்ர வீடு, வச்சிட்டு வாங்கோ" என்றார். செத்த கல்தானே என்று நான் வாதாடப் பார்த்தேன். செத்ததும் எடுக்கக்கூடாதுதான். சட்டம் அப்படி, நியாயமும் அப்படி: வருகிறவர்கள் எல்லாம் ஒவ்வொரு துண்டு எடுத்தால் அந்தக் கரையில் என்ன மிஞ்சும்? ஆமையைக் கண்டால் தொடாதீர்கள், துரத்தாதீர்கள். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் சுற்றித் திரியும். அவை தம் பாட்டில் போகும், நீங்களும் உங்கள் பாட்டில் போங்கள்.

இனி டிசெம்பர். கிழக்குக் கரைக்கு மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்கி மார்கழி, தை வரை நீளும். வாடைக்காற்று எழும்பிவிட்டால் கடல் கலங்கிப் புரளும். கொழும்பு, காலிப் பக்கம் கடல் அழகாக இருக்கிற மாதங்களில்தான் எங்கள் கடல் கோபமாக இருக்கும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை எங்களுக்கு நல்ல கடல். கனடாவில் 'குளிர்கால விடுமுறைக்குச் சிறீலங்கா' என்று ஏஜென்சிகள் விற்பது பெரும்பாலும் தெற்குக் கரையை நினைத்து.

ஒரு மார்கழியில் கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகளின் பிடிவாதத்துக்காக நிலாவெளிக்குப் போனேன். படகுகளெல்லாம் மணலில் ஏற்றிக் கவிழ்த்துக் கிடந்தன, எஞ்சின்கள் கழற்றப்பட்டிருந்தன. ஒரு படகின் அடியில் நாய் ஒன்று மழைக்கு ஒதுங்கிப் படுத்திருந்தது. தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. இடையில் இருந்த தண்ணீர் மட்டும் தேத்தண்ணி நிறத்தில் எழும்பி எழும்பி விழுந்தது. சீட்டு வாங்கக் காசு இருந்து என்ன, கொண்டுபோக ஆள் வேண்டுமே! 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் கரை கடந்தது குச்சவெளிப் பக்கம்தான், நிலாவெளிக்கு வடக்கே உள்ள ஊர்.

ஆகவே டிசெம்பரில்தான் வர முடியும் என்கிறவர்கள் தீவை மையமாக வைத்துத் திட்டம் போடாதீர்கள். வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் கடற்பரப்பு அறிவித்தல் விடும். 'காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை' என்று வரும் வரியைப் பாருங்கள். அதில் கொந்தளிப்பு என்ற சொல் இருந்தால் அன்றைக்குப் பேச்சே வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இடையில் ஒரு நாள் கடல் படுத்து, படகுக்காரர் தாமாகவே 'போகலாம்' என்றால் போங்கள். கூடக் காசு தருகிறேன் என்று அவரை நெருக்காதீர்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். அப்படிப் போனாலும் கலங்கிய தண்ணீரில் முருகை தெரியாது. மற்ற நாட்களுக்குக் கோணேசர் கோயில் மலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் இருக்கின்றன. மழைத் தூறலில் கன்னியா கோடையைவிட நன்றாகவே இருக்கும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அரை மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது: "சரி, அப்ப ஓகஸ்ட்ல வாறம். அம்மாட அடையாள அட்டை உங்கட வீட்டு அலுமாரியில இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."